எஃப்ஓப்பன் சுட்டியும் பைத்தான் ஓப்பனும் ஒன்றல்ல

"பைத்தானின் ஓப்பன் உள்ளே சி-யின் எஃப்ஓப்பனைத்தான் கூப்பிடுகிறது, அதனால் சீடைப்ஸ் வழியாக இரண்டையும் கலந்து பயன்படுத்தலாம்" என்று ஒருவர் மாதிரி நிரலோடு சொல்லியிருக்கிறார். (ஓப்பன், எஃப்ஓப்பன் இரண்டும் கோப்பைத் திறப்பவை; சீடைப்ஸ் என்பது பைத்தானிலிருந்து சி நூலகங்களை அழைக்க உதவும் தொகுதி.) பைத்தான் 2-க்கு அவர் சொல்வது சரி. 2008-ல் வந்த பைத்தான் 3-இல் கோப்புக் கையாளுதலைப் புதிதாக எழுதிவிட்டார்கள். அது நேரே இயங்குதளத்தின் ரீட், ரைட் அழைப்புகளுக்குப் போகிறது, பஃபரும் (தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவிடம்) தனி.

சோதிக்க ஆசையா? ஒரே நிரலில் பிரிண்ட்டையும் சி-யின் பிரிண்ட்எஃப்பையும் மாற்றி மாற்றி அழைத்து, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிப் பாருங்கள். சி-யின் பஃபரில் இருப்பதை வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் போடாவிட்டால் பிரிண்ட்எஃப் வரிகள் எல்லாம் கடைசியில்தான் வந்து விழும்.

அவருடைய மாதிரி நிரலில் இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. எஃப்ஓப்பனுக்கு ரெஸ்டைப் (அது திருப்பித் தரும் மதிப்பின் வகை) கொடுக்கவே இல்லை. சீடைப்ஸ் அதை இன்ட் (32 பிட் முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். 64 பிட் லினக்ஸில் எஃப்ஓப்பன் தரும் சுட்டியின் (நினைவக முகவரியின்) பாதி வெட்டுப்பட்டு, கோப்பைப் படிக்க எஃப்ரீட் அழைத்ததும் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது நிரல் முறிந்து நிற்கும். ரெஸ்டைப்பை மட்டும் சி_வாய்ட்_பி (சுட்டி வகை) ஆக்கினாலும் போதாது. எஃப்ரீட், எஃப்க்ளோஸ் இரண்டுக்கும் ஆர்க்டைப்ஸ் (வாங்கும் மதிப்புகளின் வகை) எழுதாவிட்டால் உள்ளே அனுப்பும்போது மறுபடி வெட்டுப்படும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

சி நூலகம் ஒன்று ஃபைல் சுட்டிதான் (எஃப்ஓப்பன் தருவது போன்றது) வேண்டும் என்று அடம்பிடித்தால், பைத்தான் கோப்பின் ஃபைல்நோவில் கிடைக்கும் எண்ணை (இயங்குதளம் திறந்த கோப்புக்குத் தரும் எண்) டூப் செய்து, அதாவது நகலெடுத்து, அதிலிருந்து ஃபைல் சுட்டி உருவாக்கும் எஃப்டிஓப்பனிடம் கொடுங்கள். அதற்கு முன் பைத்தான் பக்கம் ஃப்ளஷ் செய்துவிடுங்கள்.