குடை வேண்டாம், லீப் ஆண்டு கொடுங்கள்
கோடிங் பழகுவது பற்றிய உங்கள் கட்டுரையில், கம்ப்யூட்டர் கோட் எழுதும் முன் சூடோகோடை, அதாவது புரோகிராமின் படிகளைச் சாதாரண மொழியில், பேப்பரில் எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறீர்கள், சரி. ஆனால் ‘இப்படியென்றால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய்’ என்னும் இஃப்-எல்ஸுக்கு நீங்கள் கொடுத்த ‘மழை பெய்தால் குடை எடு’ என்ற உதாரணம் போதாது. அதில் யாருமே தப்பு செய்ய முடியாது. தப்பு செய்தால்தானே மண்டையில் ஏறும்!

புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு நான் லீப் ஆண்டைத்தான் கொடுப்பேன். ‘4-ஆல் மீதியின்றி வகுபட்டால் லீப் ஆண்டு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். 1900-ஐப் போட்டுப் பாருங்கள் என்பேன். 4-ஆல் வகுபடும், ஆனால் லீப் ஆண்டு இல்லை; 100-ஆல் வகுபடும் ஆண்டு 400-ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. அப்புறம் அதற்குக் கீழே ‘இல்லையென்றால், 100-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு இல்லை’ என்று ஒரு எல்ஸ்-இஃப் வரி சேர்ப்பார்கள். அதுவும் உதவாது. மேல் வரியே 1900-ஐப் பிடித்துக்கொள்கிறது, கீழ் வரிக்கு அது வந்து சேர்வதே இல்லை. 400, 100, 4 என்று தலைகீழாக அடுக்கினால்தான் 2000 லீப் ஆண்டு, 1900 இல்லை என்று வரும். இந்த இடத்தில் அரை மணி நேரம் விழித்தவர் எல்ஸ்-இஃபை அப்புறம் மறக்கவே மாட்டார்.

இன்னொன்று, சூடோகோடில் அரைப்புள்ளி (;) இல்லை என்று மார்க் குறைக்கும் ஆசிரியர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். எனக்கே குறைத்திருக்கிறார்கள். சூடோகோடுக்கென்று கறாரான இலக்கணமே கிடையாதே!