நீர்நாய்க்கு ஒரே ஒரு வரிதானா?

ஆசியாவின் பாலூட்டிகள் பற்றிய இந்தக் கட்டுரையில் புலி, பனிச்சிறுத்தை எல்லாம் விரிவாக வந்திருக்கிறது, சரி, ஆனால் 2017இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் (IUCN) பனிச்சிறுத்தையைக் கொண்டுபோய் வைத்த அதே 'அழிவாய்ப்பு' வரிசையில்தான், அதாவது காக்காவிட்டால் அழியும் ஆபத்துள்ள இனங்களின் வரிசையில்தான், நம் ஆற்று நீர்நாயும் இருக்கிறது, அதை ஒரே வரியில் முடித்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்குத் திருவையாறு பக்கம். போன மாசியில் விடியற்காலை கொள்ளிடத்தில் ஐந்து நீர்நாய்கள் நாணலுக்குள்ளிருந்து இறங்கின, அதில் ஒன்று கெண்டையை முன்னங்கால் இரண்டாலும் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து கடித்துத் தின்ற சத்தம் கரைவரை கேட்டது. அவை போனபிறகு பார்த்தால் ஈர மணலில் விரலிடைச் சவ்வு பதிந்த தடம், பக்கத்தில் செதிலும் முள்ளுமாக எச்சம்.

வலையைக் கிழிக்கிறது என்று மீன் பிடிப்பவர்களுக்குக் கோபம், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் மணலை அள்ளி அள்ளிக் கரையே சரிந்தால் அது குட்டி போட வளைக்கு எங்கே போகும்? தோலுக்கும் செல்லப்பிராணி வியாபாரத்துக்கும் பிடிக்கிறார்கள் என்று 2019இல் சைட்டிஸ் (CITES) என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தில் பன்னாட்டு வணிகத்தைத் தடை செய்தார்கள். கோடிக்கரை வெளிமானுக்கு 1967லேயே சரணாலயம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கொள்ளிடக் கரையில் நீர்நாய்க்கென்று ஒரு அறிவிப்புப் பலகையைக்கூட நான் பார்த்ததில்லை.