ஆட்டோபைலட் போட்டுவிட்டால் விமானிக்கு வேலை இல்லையா?

"விமானம் ஏறியதும் ஆட்டோபைலட் பட்டனை அழுத்திவிட்டு விமானிகள் சும்மா இருப்பார்கள், தரையிறக்குவதும் அதுவே" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அது தவறு.

எந்த உயரம், எந்த வேகம், எந்தத் திசை என்று விமானி கொடுப்பதைத்தான் ஆட்டோபைலட் செய்யும். ஒருவர் விமானத்தை இயக்க, இன்னொருவர் கருவிகளைக் கவனிப்பது விதி. தானாகத் தரையிறங்கும் வசதி உண்டு, சரி. ஆனால் பெரும்பாலும் விமானிகள் கையால்தான் இறக்குகிறார்கள்.

கவனிப்பு தவறினால் என்ன ஆகும்? 2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோ. தென்கொரிய நிறுவனமான ஏசியானாவின் 214ஆம் எண் விமானம், போயிங் 777. தரையிறங்கும் நேரம், வேலை நெருக்கம். எஞ்சின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோத்ராட்டில் வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று விமானி நம்பினார். அது அப்போது வேகத்தைக் கட்டுப்படுத்தாத 'ஹோல்ட்' நிலைக்குப் போயிருந்தது! 137 நாட் (விமான வேகத்தின் அலகு) இருக்க வேண்டிய வேகம் 103 வரை இறங்கியது. விமானிகள் கவனித்தபோது காலம் கடந்துவிட்டது. ஓடுபாதைக்கு முன்னிருந்த கடற்சுவரில் வால் மோதியது. 307 பேரில் 3 பேர் இறந்தார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமான என்டிஎஸ்பியின் 2014 அறிக்கை அதன் இணையதளத்தில் இருக்கிறது, யாரும் படிக்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.