மேடையில் கோர்த்த கைகள் வாக்குச்சாவடிக்கு வருவதில்லை

இலங்கையில் 2024 செப்டம்பர் 21 அன்று நடந்த அதிபர் தேர்தலைப் பற்றி மதுரையில் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே கணக்கைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. சஜித் பிரேமதாச 32.76 சதவீதம், ரணில் விக்கிரமசிங்க 17.27 சதவீதம், ஒரே கட்சியில் இருந்த இவர்கள் பிரியாமல் இருந்திருந்தால், இருவர் வாக்கும் சேர்ந்து ஐம்பதைத் தாண்டியிருக்கும், 42.31 சதவீதம் பெற்ற அநுர குமார திசாநாயக்க வென்றிருக்க மாட்டார் என்பார்கள். கூட்டல் சரிதான், அதிலிருந்து எடுக்கும் முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்க இலங்கையின் வாக்குச்சீட்டிலேயே வழி இருக்கிறது. அங்கே வாக்காளர் ஒருவரை முதலாவதாகத் தேர்ந்த பிறகு, விரும்பினால் இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் குறிக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பங்களை எண்ணுவார்கள். வரலாற்றில் முதன்முறையாக 2024-இல்தான் அப்படி எண்ண வேண்டி வந்தது. ரணிலின் ஏறத்தாழ 23 லட்சம் வாக்குகளையும் சேர்த்து, விலக்கப்பட்ட வேட்பாளர்களின் வாக்குகள் மொத்தம் 33 லட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து சஜித்துக்கு வந்து சேர்ந்தவை 1,67,867. அநுரவுக்குப் போனவை 1,05,264. மீதி முப்பது லட்சத்துக்கும் அதிகமான சீட்டுகள் இருவரில் யாருக்கும் உதவவில்லை. ரணிலுக்கு வாக்களித்தவர்கள் சஜித்தையும் நம்மவர் என்று நினைத்திருந்தால், கட்சிகள் இணையாமலேயே, பேனாவால் இன்னொரு எண்ணை எழுதியே அவரை அதிபராக்கியிருக்கலாம். அப்படி எழுதுங்கள் என்று வீட்டு வாசலில் நின்று சொல்ல ஆள் இல்லை.

இது கொழும்பில் மட்டும் நடக்கிற அதிசயம் அல்ல. தேர்தல் நேரத்தில் இங்கே மதுரையில் செல்லூர்ப் பக்கம் ஒரு வட்டச் செயலாளரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் பென்சில் குறி இருக்கும்: இறந்தவருக்குக் குறுக்குக் கோடு, திருப்பூருக்குப் பிழைக்கப் போனவருக்கு வட்டம், உறுதியான வாக்குக்கு ஒரு டிக், ஊசலாடுகிறவருக்குக் கேள்விக்குறி. வாக்குப்பதிவு நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் யார் வீட்டுக்கு ஆட்டோ அனுப்ப வேண்டும் என்பதை அந்தப் பட்டியல்தான் தீர்மானிக்கும். தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போய்விட்டால் அந்தப் பட்டியல் அலமாரியை விட்டு வெளியே வராது. எதிர்த்து வேலை செய்ய வேண்டும் என்பதுகூட இல்லை, உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டாலே போதும். "தலைவர்கள் கை கொடுத்துக்கிட்டாங்க சார், எங்க கையை யாரு பிடிச்சா?" என்று ஒரு பகுதிப் பொறுப்பாளர் என்னிடம் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

சஜித்தும் ரணிலும் ஒன்றாக இருந்த ஐக்கிய தேசியக் கட்சியில் நடந்ததையும் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன். 2019-இல் வேட்பாளர் யார் என்ற இழுபறி, வாக்குப்பதிவுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத செப்டம்பர் கடைசி வரை நீடித்தது. சஜித் 41.99 சதவீதத்தோடு தோற்றார். மறு ஆண்டு கட்சியே உடைந்தது. 2020 நாடாளுமன்றத் தேர்தலில் சஜித்தோடு பிரிந்து போனவர்கள் 54 இடங்களைப் பெற, ரணில் தலைமையில் இருந்த தாய்க் கட்சிக்கு, நாடளாவிய வாக்கு விகிதப்படி இடம் தரும் தேசியப் பட்டியல் வழியாக ஒரே ஓர் இடம் மிஞ்சியது. பிரிவு தலைவர்களோடு நிற்கவில்லை, கிளை அமைப்பாளர் வரை இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு இரு தலைவர்களை ஒரே மேடையில் ஏற்றியிருந்தாலும் கீழே அந்த ஒட்டு நின்றிருக்காது.

மறுபக்கம், அடிமட்ட அமைப்பு இருந்தாலே வெற்றி வந்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அநுரவின் மக்கள் விடுதலை முன்னணி 1965-இல் தொடங்கிய கட்சி. கட்டுப்பாடான தொண்டர்கள் அதற்கு எப்போதும் இருந்தார்கள். ஆனாலும் 2019-இல் அநுரவுக்குக் கிடைத்தது 3.16 சதவீதம்தான். இடையில் 2022 வந்தது: எரிபொருள் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு, கொழும்புக் காலிமுகத் திடல் போராட்டம், அதிபர் கோத்தபாய ராஜபக்ச நாட்டைவிட்டு ஓடியது. மழை எல்லோருக்கும் பொதுவாகத்தான் பெய்தது. வரத்துக்காலைச் சுத்தம் செய்து வைத்திருந்த கண்மாயில் மட்டும் தண்ணீர் நின்றது. அநுரவின் கட்சி முன்னின்று அமைத்த தேசிய மக்கள் சக்தி என்ற பரந்த பெயரில் ஊர் ஊராகச் சிறு கூட்டங்கள், பெண்களுக்குத் தனி மாநாடுகள், ஓய்வுபெற்ற படையினருக்குத் தனி அமைப்பு, வெளிநாட்டு இலங்கையரோடு சந்திப்புகள் என்று அவர்கள் உழைத்தபோது, மற்றவர்கள் எந்த எம்.பி. எந்தப் பக்கம் தாவுவார் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தமிழர் பக்கம் நடந்ததைச் சொல்லும்போதுதான் மனம் கனக்கிறது. இலங்கைத் தமிழரின் முக்கியக் கட்சியான தமிழரசுக் கட்சியைச் சேர்ந்த பா. அரியநேத்திரன், அதே அதிபர் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராக நிற்க, அதே கட்சியின் தலைமைக் குழு சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்தது. கட்சிக்குள்ளேயே சிலர் இந்தப் பக்கம், சிலர் அந்தப் பக்கம் என்றால், வாக்கு கேட்டு வரும் தொண்டர் எந்தப் பெயரைச் சொல்வார்? அரியநேத்திரனுக்கு 2,26,343 வாக்குகள் விழுந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தில் செப்டம்பரில் பத்து சதவீதத்தைக்கூட எட்டாத அநுரவின் அணி, நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே ஆறில் மூன்று இடங்களை எடுத்தது. அந்த அணிக்கு அங்கே வேர் இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்க் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களுமாக வாக்கு சிதறியதும், சலித்துப்போன வாக்காளர் வேறு பக்கம் திரும்பியதும்தான் காரணம் என்று கருதுகிறேன். 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி வடக்கில் மீண்டும் முன்னுக்கு வந்தது. வட்டாரத்துக்கு வட்டாரம் தெரிந்த முகம் வேட்பாளராக நின்ற தேர்தல் அது.

சஜித் கட்சியும் ரணில் கட்சியும் மீண்டும் இணையப் போகின்றன என்ற செய்தி அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. அடுத்த முறை அது வரும்போது யார் தலைவர், எந்தச் சின்னம் என்பதை விட்டுவிட்டு, இரண்டு கட்சிகளின் கிளை அமைப்பாளர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார்களா, ஊருக்கு ஊர் யார் பட்டியலைக் கையில் எடுப்பது என்று பேசி முடித்தார்களா என்பதைத்தான் நான் தேடிப் படிப்பேன்.