பெயரோடு நிற்கும் சிப்பாய்கள்
நம் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாயின் சீருடையைத்தான் வரைந்தார்கள், ஆளை வரையவில்லை என்று சிப்பாய் ஓவியங்களைப் பற்றிய கட்டுரை அடித்துச் சொல்வதை ஏற்க முடியவில்லை. 1815-ஐ ஒட்டி டில்லியில் கம்பெனி அதிகாரி வில்லியம் பிரேசருக்காக வரையப்பட்ட நீர்வண்ணப் படங்களில், படையில் சேர்ந்த கிராமத்து இளைஞர்கள் பெயரோடு நிற்கிறார்கள். ஒருவர் சாயல் இன்னொருவருக்கு இல்லை. தஞ்சை ஓவியர்களின் தாள்களுக்கு வேண்டுமானால் அந்தக் கூற்று பொருந்தும்: சிவப்புக் கோட்டு, தொடை தெரியும் வெள்ளை அரைக்கால் சட்டை, பக்கத்தில் மனைவி, அவ்வளவுதான். தென்னாட்டுச் சிப்பாய்களுக்கு பிரேசருடையதைப் போல ஒரு தொகுப்பு வாய்க்கவில்லையே என்பதுதான் கீழக்கரைக்காரனான என் ஆற்றாமை. கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தளபதியாக உயர்ந்து, 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட மருதநாயகம் எங்கள் ராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்தவர்தான். கம்பெனிக்கு முன்பு எங்கள் பக்கத்து வீரர்கள் எப்படி வரையப்பட்டார்கள் என்று பார்க்க விரும்புகிறவர்கள், ராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் சேதுபதி மன்னர் தஞ்சை மராட்டியரோடு மோதும் சுவரோவியத்தை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.