கூடலூர், கோத்தகிரி 'சிலோன்காரர்' குடும்பங்கள் பற்றி ஒரு திருத்தம்

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் வாழும், இலங்கையிலிருந்து வந்த இந்தத் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி, "இவர்கள் அகதிகள், பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடையாது, தோட்ட வேலையைக் கேவலமாக நினைத்துத்தான் திருப்பூருக்கு ஓடுகிறார்கள்" என்று சொல்வதில் மூன்றுமே தப்பு.

இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்த தாயகம் திரும்பியோர். முகாம்களில் இருப்போர் 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள். அது வேறு கதை. தாயகம் திரும்பியோருக்கு இங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைச் சிக்கலே இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் என்றால் பெற்றோரின் குடியுரிமையையே பார்க்க வேண்டாம். அதன்பின் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சண்டை வருவது வேறு இடத்தில். டேன்டீ (அரசின் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தரும் லயன் வீடு, அதாவது தொழிலாளர் வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. அப்பா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) இருந்தால் வீடு தங்கும். "படிச்சது போதும், பேரைப் பதிஞ்சுடு" என்று அம்மா நச்சரிப்பது கூரைக்காக. இதைப் போய் 'தலைமுறை இடைவெளி' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததா?

அடுத்த தலைவலி சாதிச் சான்றிதழ். தாத்தாவின் குடும்ப அட்டையில் 'முத்தையா', பள்ளிச் சான்றில் 'முத்தயா' என்றிருந்தால் மனு அங்கேயே நிற்கும். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்பதற்கான சான்றை முதலில் வாங்கிவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள். பழைய கடவுச்சீட்டு, குடும்ப அட்டை அசல்களை யாரிடமும் விட்டுவராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள்.