மயான காண்டத்தில் பேரத்தை வெட்டாதீர்கள்

ஓமலூர்ப் பக்கம் போன வாரம் நடந்த அரிச்சந்திரா கூத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். "அழுகாச்சியைக் குறைங்கப்பா, சனம் எந்திரிச்சுப் போகுது" என்று கமிட்டி சொன்னதும், சுடுகாட்டில் நடக்கும் மயான காண்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. வெட்டியது எதை? சுடலைப் பேரத்தை!

அந்தப் பேரம்தான் மயான காண்டமே. பாம்பு கடித்துச் செத்த மகன் லோகிதாசனை ஏந்தி வருகிறாள் சந்திரமதி. அங்கே வெட்டியானாக இருப்பவன் அவள் புருஷன் அரிச்சந்திரன்தான், இருவருக்கும் அது தெரியாது. அவன் கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி கேட்கிறான். பணமும் துண்டும் ஆண்டை வீரபாகுவுக்கு, அரிசிதான் அவன் கூலி. அவளிடம் ஒன்றுமில்லை. 'கழுத்துத் தாலியை விற்றுக் கொடு' என்கிறான். புருஷன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் தாலி அது. எதிரே நிற்பவன் யாரென்று அப்போதுதான் அவளுக்குப் புரிகிறது. அதற்கு முன் இருபது நிமிடமாவது அவன் ஈவிரக்கமில்லாமல் பேரம் பேசியிருக்க வேண்டும். அதை வெட்டிவிட்டு நேராக ஒப்பாரிக்குப் போனால் கூச்சல்தான் மிஞ்சும்.

நல்ல சந்திரமதி வேஷக்காரர் பேரம் முடியும்வரை, பிள்ளையாக ஏந்தும் அந்தத் துணிப் பொட்டலத்தைக் கீழே வைக்கமாட்டார். கை கடுத்தால் தோளுக்கு மாற்றுவார், தலைப் பக்கம் சரிந்தால் உள்ளங்கையில் தாங்குவார். அன்றைக்கு லோகிதாசன் மைக் ஸ்டாண்டுக்கு அடியில் கிடந்தான். அதைப் பார்த்தபின் யாருக்கு அழுகை வரும்?

மைக்கில் குரலை எதிரொலிக்க வைக்கும் எக்கோ இன்னொரு கொடுமை. ஒப்பாரியில் அடி முடிந்து மூச்சு வாங்கும் இடைவெளியில்தான் முகவீணை என்ற சிறு ஊதுகுழல் மெல்ல நுழைய வேண்டும். எக்கோவைக் கூட்டினால் முன் அடியின் வால் அந்த இடைவெளியை அடைத்துவிடும், சொல்லும் விளங்காது. போதாததற்குக் கீபோர்டு வேறு!

'இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாதே' என்பீர்கள். சரி, சட்டம்தான். அப்படியானால் விவாக காண்டத்தை விடுங்கள், கோமாளியைக் குறையுங்கள். ஏழரைக்கு மயான காண்டத்தையே தொடங்கினால் பத்துக்குள் முழுதாக முடியும். 'தாலி, பெண்ணடிமை' என்பதில் நியாயம் உண்டு, அதைத் தனியாகப் பேசுவோம். ஆனால் 'சனத்துக்குப் பொறுமையில்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள். முன்வரிசையில் முந்தானையோடு உட்கார்ந்திருந்த கிழவிகள் எழுந்து போகவில்லை. எழுந்து போனது நாற்காலி வரிசை.

நம் ஊர்களில் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் அரிச்சந்திரன் கல் முன்னால் பாடையை இறக்கி வைத்து, அவனிடம் உத்தரவு கேட்டுத்தானே உள்ளே போகிறோம்? அவன் கதை நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்காதா?

ஆடியில் கூத்து வைக்கப்போகும் ஊர்க்காரர்களே, கூத்தை நடத்தும் வாத்தியாரிடம் நேரத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். மைக் செட்காரரிடம் எக்கோவை அணைக்கச் சொல்லுங்கள். பேரத்தில் கை வைக்காதீர்கள்.